வெள்ளைச் சீட்டு எலிகள்

எனக்கு எண்பத்துநான்கு வயது. பெற்று வளர்த்தவை மூன்று. வேலைக்குப் போய் வளர்த்தவை எத்தனை ஆயிரம் என்று எனக்கே தெரியாது. பெற்ற மூன்றும் இப்போது மூன்று ஊரில் இருக்கின்றன, போன் செய்தால் பிறகு பேசுகிறேன் என்கின்றன. எலிகள் அப்படியில்லை. கூண்டருகே போனால் எல்லாம் எழுந்து நின்று மூக்கை ஆட்டும்.

நம் சபைப் பிள்ளைகள் நான்கு பேர் மருந்துக் கம்பெனிகளின் எலி வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஆன்ட்டி, எங்களுக்கு டிப்ஸ் குடுங்க" என்றீர்கள். போட்டோவும் காட்டினீர்கள். கையுறை, முகமூடி, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. எலிக்குத் தீனி வைக்கப் போகிறவர்களா, நிலாவுக்குப் போகிறவர்களா என்று தெரியவில்லை. இருக்கட்டும், நல்லதுதான். எங்களுக்கு ஒரு காக்கிக் கோட்டு இருந்தது. அதன் பையில் ஓட்டை இருந்தது.

எலியை எப்படிப் பிடிப்பது, கூண்டை எப்படிக் கழுவுவது என்பதையெல்லாம் உங்கள் கம்பெனியில் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லித் தராத ஒன்றை நான் சொல்கிறேன். எழுதுவது என் பேத்தி ஜெனி. எனக்கு வேதப் புத்தகத்தை விரல் வைத்து வாசிக்க வரும். எழுதச் சொன்னால் என் பெயரும் டிக் மார்க்கும்தான் வரும். ஜெனி ஞாயிறு பள்ளியில் தமிழ் எழுத்துக் கற்றவள். கை தமிழில் எழுதும், வாய் தெலுங்கில் பதில் சொல்லும். இரண்டையும் ஒன்றாகக் கேட்கக்கூடாது.

அது எண்பதுகளின் கடைசி. செகந்திராபாத் பக்கம், உப்பலுக்கு அப்பால் ஒரு சிறிய ஆய்வுக்கூடம். என் வீட்டுக்காரர் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இருந்தார். அவருடைய கம்பெனி பஸ் விடியலிலேயே வந்துவிடும். அவர் மேற்கே போவார், நான் கிழக்கே போவேன். ஏழரை மணிக்கெல்லாம் எலி வீட்டுக் கதவைத் திறந்துவிடுவேன். அந்தக் கட்டடத்தில் என்னைவிடப் படிக்காதவர் யாருமில்லை. என்னைவிட எலி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். எலி வீட்டுக்குத் தலைவர், வெற்றிலைக் கறை படிந்த பல், தக்கனி உருது பேசுவார். பெரிய டாக்டர் முதல் கேட் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் சாச்சா, அதாவது சித்தப்பா. சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. முதல் நாள் நான் எலியை வாலைப் பிடித்துத் தூக்கியபோது, "நக்கோ அம்மா, நக்கோ, வேணாம். உன் ஜடையைப் பிடிச்சு யாராச்சும் தூக்கினா வருவியா?" என்றார். என் பயிற்சி முழுதும் அந்த ஒரு வாக்கியம்தான்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். டாக்டர் என்றால் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். இதைத் தெரிந்துகொள்வதற்குள் என் முழங்கால் வலியை அவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். தமிழ்ப் பெண், கல்யாணமாகாதவர். சைனிக்புரியில் அப்பாவோடு இருந்தார். அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு வருஷம் முன்பு அவருக்குப் பக்கவாதம் அடித்து வலது கை பாதி விளங்காமல் போயிருந்தது. டாக்டரம்மா இந்த ஆராய்ச்சியை எடுத்ததற்கு அதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆராய்ச்சி இதுதான். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி ஓடினாலும், மூளையின் உயிரணுக்கள் உடனே சாவதில்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றாகச் சாகின்றன. அந்த இடைவெளியில் இன்சுலின் கொடுத்தால் சாகிறவை பிழைக்குமா? சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் அதே இன்சுலின்தான். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, கழுத்து ரத்தக் குழாய்களைச் சில நிமிஷம் இறுக்கி, அவிழ்த்துவிடுவார். பிறகு பாதி எலிகளுக்கு இன்சுலின், பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஒரு வாரம் கழித்து மூளையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, எத்தனை அணு பிழைத்தது என்று எண்ணுவார்.

ஒரு நாளைக்கு நான்கு எலி. முந்தின சாயங்காலமே டாக்டரம்மா வந்து கூண்டுகளில் சீட்டுக் கட்டிவிடுவார். இரண்டுக்கு நீலச் சீட்டு, இன்சுலின். இரண்டுக்கு வெள்ளைச் சீட்டு, உப்புத் தண்ணீர். அதன் பிறகு நான் நான்கு கூண்டிலும் தீனியை எடுத்துவிட வேண்டும். மறுநாள் அறுத்து முடிக்கும்வரை பட்டினி. தண்ணீர் மட்டும் உண்டு.

இங்கேதான் உங்கள் ரெபேக்கா ஆன்ட்டியின் மூளை வேலை செய்தது.

காலையில் நான் டீயும் பன்னுமாக உட்காருவேன். எதிரே நான்கு பட்டினிக் கூண்டு. நீலச் சீட்டுக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையில்லை. அவர்களுக்கு மருந்து வரப்போகிறது. வெள்ளைச் சீட்டுக்காரர்களுக்கு என்ன வரப்போகிறது? அதே மயக்கம், அதே கழுத்து இறுக்கல், முடிவில் உப்புத் தண்ணீர். இதில் பட்டினி வேறு. கேட்க ஆளில்லாத ஜீவன்கள். மருந்துதான் இல்லை, வயிற்றுக்காவது இருக்கட்டும் என்று, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயில் பன்னை நனைத்து, வெள்ளைச் சீட்டுக் கூண்டுகளில் மட்டும் வைப்பேன். ஒன்பதரைக்கு டாக்டரம்மா வருவதற்குள் துணுக்கு மிச்சமில்லாமல் தின்றுவிடும். சமமாக நடத்தியதாக எனக்கு ஒரு திருப்தி. ஏதோ நீதிபதியைக் கொண்டுவந்து எலி வீட்டில் உட்காரவைத்த மாதிரி நினைப்பு.

சாச்சாவுக்குத் தெரியாது. அவர் எட்டரைக்குத்தான் வருவார். இரண்டு மாதம் இப்படி நடந்தது. நடுவில் என் இளையவளைச் சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனைக்காக இரண்டு நாள் லீவு போட்டேன். அந்த இரண்டு நாள் மட்டும் வெள்ளைச் சீட்டுகளும் பட்டினி.

எண்ணி முடித்த அன்று டாக்டரம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் குனியவைத்தார். உயிரோடிருக்கும் அணு மீன் கண் போல உருண்டையாக, நடுவில் புள்ளியோடு இருந்தது. செத்தது காய்ந்த மிளகு போலச் சுருங்கிக் கறுத்திருந்தது. நீலச் சீட்டு எலியின் மூளையில் மீன் கண்ணாக இருந்தது. வெள்ளைச் சீட்டு எலியில் மிளகைக் கொட்டி வைத்தது போலிருந்தது. டாக்டரம்மா பெயர் வாங்கப் போகிறார் என்று எனக்கே புரிந்தது. டெல்லியில் ஒரு பெரிய கூட்டத்தில் இதை வாசிக்கப் போவதாகச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் செகந்திராபாத்திலிருந்து ரயில்.

புதன்கிழமை மதியம் எலி வீட்டில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து எனக்குப் பேசிக் காட்டினார். இங்கிலீஷில் ஒரு வரி, எனக்காகத் தமிழில் ஒரு வரி.

"எல்லா எலியும் பட்டினியா இருந்ததுன்னு முதல்லயே சொல்லிடணும், ரெபேக்கம்மா. அதைத்தான் கேப்பாங்க."

"அது என்னாத்துக்கு டாக்டரம்மா அவ்ளோ முக்கியம்?"

"சாப்பிட்ட எலிக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கும். அந்த நேரம் ரத்தம் நின்னா, மூளைக்குள்ள இருக்குற சர்க்கரை புளிச்சுப் போயிடும். தோசை மாவு புளிக்குதில்ல, அந்த மாதிரி. அந்தப் புளிப்புலயே அணு வெந்து செத்துடும். அப்புறம் மருந்து வேலை செஞ்சுதா, சாப்பாடு கெடுத்துதான்னு பிரிக்கவே முடியாது."

ஏற்கெனவே துடைத்த கூண்டையே மறுபடி துடைத்தேன்.

"கொஞ்சூண்டு தின்னிருந்தா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, யாரிடமோ ரகசியம் சொல்வது போலச் சொன்னார்: "வீட்டு ஃப்ரிட்ஜில ஒரு பாட்டில் இன்சுலின் வாங்கி வெச்சிருக்கேன். அப்பாவுக்கு மறுபடி வந்தா, ஆஸ்பத்திரி போற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். நானே போட்டுடுவேன். என் எலிங்க சொல்லிடுச்சே."

உங்கள் எலிகள் சொல்லவில்லை டாக்டரம்மா, என் பன் சொன்னது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த வேலை எனக்கு இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் சொல்லாவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தின்ற எலிகளும் இல்லை, சாட்சி சொல்ல.

சாச்சாவிடம் போய் அழுதேன். அவர் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு சொன்னார்: "கைக்கு ரோத்தீ? எதுக்கு அழுவுறே? கணக்கு சுலபம். சொன்னா வேலை போகலாம். சொல்லலைன்னா போகாது."

"அப்ப சொல்ல வேணாமா சாச்சா?"

"நான் அப்படிச் சொல்லலையே. எலிக்குப் பசின்னு உனக்குப் பொறுக்கலை, குடுத்தே. இப்ப அந்தப் பொண்ணு பொய்யைக் கையில வெச்சுக்கிட்டு ரயில் ஏறப் போகுது. அதைப் பொறுக்க முடியுதான்னு பாரு. முடிஞ்சா பேசாம இரு." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். இப்படிப்பட்ட மனிதரிடம் போய் யாராவது ஆறுதல் கேட்பார்களா? நான் கேட்டேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா பெட்டியோடு நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்திருந்தார். நான் நின்றபடி சொன்னேன். ஒரு மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்தார்.

"எத்தனை எலிக்கு?"

"வெள்ளைச் சீட்டு எல்லாத்துக்கும்."

"எல்லா நாளுமா?"

"நான் லீவு போட்ட ரெண்டு நாள் தவிர."

"எந்த ரெண்டு நாள்?"

சொன்னேன். அவர் விரல் நோட்டில் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் மறுபடி கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம்.

"இந்த நாலு வெள்ளை எலி மட்டும் ஏன் நல்லா இருந்துச்சுன்னு மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அறுவை சரியா நடக்கலை போலன்னு கணக்குலேருந்து தூக்கிடலாம்னு இருந்தேன். அதுதான் ஒழுங்கா நடந்த நாலா?"

"ஹவ், டாக்டரம்மா" என்றேன். பயத்தில் ஆமாம் என்பதற்குக்கூட எனக்கு உருதுதான் வந்தது.

இரண்டு பேரும் பெரிய டாக்டரின் அறைக்குப் போனோம், சாச்சாவும் பின்னால் வந்தார். அவர் ஆந்திராக்காரர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கேட்டு முடிப்பதற்குள் நான்கு தடவை துடைத்துவிட்டார்.

"ஏம்மா, உன்னை யார் யோசிக்கச் சொன்னது?" என்று தெலுங்கில் கேட்டார்.

"யாரும் சொல்லலை சார். தானா வந்துடுச்சு."

சாச்சா பின்னால் நின்று இருமினார். இருமலா சிரிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. பெரிய டாக்டர் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"எந்த எலிக்கு மருந்துன்னு இந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சீட்டு கட்டியிருந்தேன் சார்."

"எப்போ?"

"முந்தின சாயங்காலம்."

"வெள்ளை எலிகளுக்குச் சர்க்கரை பார்த்தியா?"

சர்க்கரை பார்க்கும் பட்டை என்று ஒன்று அப்போது வெளிநாட்டிலிருந்து வரும். ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் நிறம் மாறும். டாக்டரம்மா அதை இன்சுலின் போட்ட எலிகளுக்கு மட்டும் பார்த்தார், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடாதே என்று.

"பட்டை கம்மியா இருந்துது சார். உப்புத் தண்ணிதானே, வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்ப, உங்க ரெண்டு பேருக்கும் வெள்ளை எலின்னா இளக்காரம். இந்தம்மா இஷ்டத்துக்குச் சாப்பாடு போட்டாங்க, நீ கண்டுக்கவே இல்லை" என்றார் பெரிய டாக்டர். டாக்டரம்மா டெல்லிக்கு வரவில்லை என்று அவரே தந்தி எழுதினார்.

எனக்கு மூன்று மாதம் கூண்டு கழுவும் தண்டனை. எலிப் பக்கம் தலைவைக்கக்கூடாது. வேலை போகவில்லை, நிரந்தரம் தள்ளிப்போனது. டாக்டரம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு வாரம் கழுவின கூண்டு மாதிரி நான் பிறகு கழுவினதில்லை, வெள்ளி மாதிரி இருக்கும். சாச்சா ஒன்றை எடுத்து முகம் பார்த்து மீசை வாரினார்.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை சீட்டே இல்லை. எந்த எலிக்கு எது என்று உறைக்குள் போட்டு ஒட்டி பெரிய டாக்டர் வைத்துக்கொண்டார். ரத்தக் குழாயை இறுக்கி அவிழ்த்த பிறகுதான் உறை பிரியும். எல்லா எலிக்கும் சர்க்கரை பார்த்தார்கள். மூன்று மாதம் முடிந்து நான் திரும்பி வந்தபோது, டாக்டரம்மா பட்டையை எலியின் வாலருகே பிடித்தபடி, "முதல்ல சர்க்கரை, அப்புறம்தான் மத்தது. இனிமே எனக்கு இதுதான் ஜபம், ரெபேக்கம்மா" என்றார். அதுதான் அந்த ஆராய்ச்சியைப் பற்றி அவர் என்னோடு மறுபடி பேசின முதல் பேச்சு.

முடிவு என்னவென்றால், மருந்து பொய்யில்லை. இன்சுலின் போட்ட எலிகளில் மீன் கண்கள் கூடுதலாகத்தான் இருந்தன. ஆனால் முன்பு பார்த்த அந்த மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. கூட ஒன்றும் தெரிந்தது. சர்க்கரை மிகவும் இறங்கிப்போன எலிகளுக்கு மருந்து உதவவில்லை, கெடுதல்தான் செய்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன உண்மையை ஊதிப் பெரிதாக்கியிருந்தோம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் கேக் எடுத்துக்கொண்டு சைனிக்புரிக்குப் போனேன். காலை பத்தரை இருக்கும். டாக்டரம்மாவின் அப்பா வராந்தாவில் பளிச்சென்று சவரம் செய்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் முட்டை சேர்க்க மாட்டார்கள். "கேக்குக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கலை, நீயும் சொல்லாதே" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பேச்சு கொஞ்சம் குழறியது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். நான் டப்பாவைத் திறப்பதற்குள் அவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் விழுந்தது. வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

டாக்டரம்மா ஒரே ஓட்டமாக உள்ளே போனார். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது ஒரு கையில் ஊசி, ஒரு கையில் அந்த பாட்டில். மறுபடி வாதம்தான் என்பதில் டாக்டரம்மாவுக்குச் சந்தேகமேயில்லை. எனக்கும் இல்லை. நான் அய்யாவின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். என் வாயில் என்ன வரும்? எனக்குத் தெரிந்த ஒரே கேள்விதான் வந்தது.

"அய்யா காலையில சாப்பிட்டாரா டாக்டரம்மா?"

"இல்ல... மாத்திரை போட்டாரு. டிஃபன் வேணாம்னாரு, நீங்க கேக் கொண்டு வருவீங்கன்னு..."

சொல்லிக்கொண்டே நின்றுவிட்டார். எதிரே அப்பா சரிந்துகொண்டிருக்கிறார், கையில் ஊசி இருக்கிறது, அது என்ன செய்யும் என்று எலி எலியாகப் பார்த்தவர். ஒரு நிமிஷம் கூட இருக்காது. எனக்கு ஒரு பகல் போலிருந்தது. பிறகு ஊசியையும் பாட்டிலையும் ஜன்னல் திண்டில் வைத்தார். அலமாரியிலிருந்து பட்டை டப்பாவை எடுத்தார். அப்பாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு வைத்தார். பட்டை நிறம் மாறவே இல்லை. டப்பாவில் உள்ள நிறங்களில் அடியில் இருக்கும் வெளுத்த நிறத்தைவிட வெளுப்பாக இருந்தது.

வாதம் இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயவிட்டதில் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. சர்க்கரை அப்படி இறங்கினால் வாதம் போலவே கை கால் விழுமாம். அதன்மேல் இன்சுலினும் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சர்க்கரையைத் தேனில் குழைத்து கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினோம். முழுங்கினார். அடுத்த தெருவில் இருந்த பட்டாளத்து டாக்டர் பைஜாமாவோடு ஓடி வந்து, குளுக்கோஸ் ஊசி போட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அய்யாவின் வலது கை அசைந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"டப்பாவை ஏன் மூடி வெச்சிருக்கே?" என்றார்.

டாக்டரம்மா திரும்பி நின்று அழுதார். பிறகு ஜன்னல் திண்டிலிருந்த பாட்டிலை எடுத்து, மூடியைப் பிய்த்து, வாசல் செம்பருத்திச் செடியடியில் கவிழ்த்துவிட்டு வந்தார். அதற்கும் பட்டாளத்து டாக்டரிடம் திட்டு வாங்கினார், நல்ல மருந்தை ஏனம்மா மண்ணில் ஊற்றுகிறாய் என்று.

பிள்ளைகளே, நீங்கள் தப்புச் செய்யாமல் இருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களில் ஒருத்தி போன மாதம் திருவிருந்துக் கிண்ணத்தையே தவறவிட்டாள், பெயர் சொல்ல மாட்டேன். எலிகளிடம் இரக்கம் வரும், வரட்டும். இரக்கத்தில் என்ன செய்தாலும், அன்றைக்கே, மைக்ராஸ்கோப்பில் குனிகிறவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், கூண்டு கழுவச் சொல்வார்கள், கழுவுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டது எந்த வீட்டு ஃப்ரிட்ஜில் போய் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததே ஒரு அதிர்ஷ்டம்.

ஜெனி, பேனாவை வை. முதலிலிருந்து படி, எழுத்துக் கூட்டியாவது தமிழிலேயே படி. பாட்டி பாவம் என்று எங்கேயாவது எனக்காக நல்ல மாதிரி மாற்றி எழுதியிருந்தால் இப்போதே சொல்லிவிடு. இல்லையென்றால் அந்த இடத்தில் நானே நிறுத்துவேன்.